குடிக்கும் ஒரு காலண்டர் உண்டு!

மாம்பழத்துக்கு சீசன் உண்டு. நுங்குக்கு சீசன் உண்டு. மீனுக்குக் கூட உண்டு. குடிக்கு சீசன் உண்டா என்று கேட்டால் "அதுக்கென்ன, வருஷம் முழுக்கத்தானே குடிக்கிறாங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவோம். கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் விஷயம் அப்படி இல்லை. குடிக்கு எப்போதுமே ஒரு காலண்டர் இருந்திருக்கிறது. அதை எழுதும் கைதான் அவ்வப்போது மாறியிருக்கிறது. முதலில் பனைமரம் எழுதியது. பிறகு காற்றும் கப்பலும் எழுதின. அதன் பிறகு குத்தகைக்காரர், அரசாங்கம், எல்லைக்கோடு, கடைசியாக சம்பள நாளும் போனஸும்.

இந்தக் கதையைப் பார்க்கப் புதுச்சேரியை விட நல்ல இடம் கிடைக்காது. குறிப்பாகக் கதிர்காமம் போன்ற பகுதி. இது உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. பெயரிலேயே உழவர் இருக்கிறார். வயலும் தோப்புமாக இருந்த ஊர்கள் நகரத்தோடு ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் என்று தொழிற்பேட்டைகள் வந்து, உழவரின் காலண்டர் போய்த் தொழிலாளியின் காலண்டர் வந்த இடம் இது.

பனை போட்ட கணக்கு

கள் என்பது மரத்தின் இஷ்டப்படி கிடைப்பது. மனிதனின் இஷ்டப்படி அல்ல. பனையில் பாளை விடும் காலத்தில்தான் அதைச் சீவி இறக்க முடியும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ தை, மாசியில் தொடங்கி ஆடி வரை அந்தக் காலம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். வெயில் ஏற ஏறப் புளிக்கும். காலையில் இறக்கியது மாலைக்குள் கடுத்துவிடும், மறுநாள் காடியாகிவிடும். சேர்த்து வைக்க முடியாது, தூரத்துக்கு அனுப்ப முடியாது. மரம் இருக்கும் ஊரில், மரம் கொடுக்கும் மாதத்தில், அன்றைக்கு இறக்கியதை அன்றைக்கே குடிக்க வேண்டும். தென்னங்கள் ஏறக்குறைய வருடம் முழுவதும் கிடைக்கும்தான். ஆனால் தென்னை தோட்டக்காரருடையது. பனைதான் ஏழையின் மரம்.

இப்போது இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பா அறுவடை முடிவது தை மாதம். கூலி நெல் கைக்கு வருவதும் அப்போதுதான். அதே நேரத்தில் பனையும் பாளை விடத் தொடங்குகிறது. பொங்கல், தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் ஆற்றுத் திருவிழா, மாசியில் மயானக் கொள்ளை, பிறகு சித்திரை, ஆடி என்று அம்மன் கோயில் திருவிழாக்கள்... எல்லாம் இந்தப் பாதியில்தான். முனீஸ்வரனுக்கும் மதுரை வீரனுக்கும் சுருட்டோடு சாராயம் வைத்துப் படைப்பதும் இந்தக் காலத்து வழக்கம்தான்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் நிலைமை தலைகீழ். அடைமழை. பனையேற முடியாது, பாளையும் இல்லை. வயலில் நடவும் களையும் முடிந்து அறுவடைக்குக் காத்திருக்கும் நேரம், கையில் காசும் இல்லை. ஆக வருடத்தில் ஒரு பாதியில் குடி, ஒரு பாதியில் ஓய்வு. யாரும் சட்டம் போடாமலே அமலில் இருந்த மதுவிலக்கு என்று அதைச் சொல்லலாம்.

இதனால் பழைய காலத்தில் குடியால் கேடே இல்லை என்று அர்த்தம் இல்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார் என்றால் பிரச்சினை அன்றே இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கேட்டுக்கு மரம் ஒரு எல்லை போட்டிருந்தது.

காற்றோடு வந்த மது

புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது ரோமானிய மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. கூர்மையான அடியும் இரண்டு காதுகளும் கொண்ட ஆம்போரா என்ற சாடிகள் அவை. ஏறத்தாழ 2000 வருடங்களுக்கு முன்பே மத்தியதரைக் கடல் பகுதியின் திராட்சை மது இந்தக் கரைக்கு வந்திருக்கிறது. அதற்கும் பருவம் உண்டு. எகிப்தின் துறைமுகங்களிலிருந்து ஜூலை வாக்கில் புறப்பட்ட கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துத்தான் இந்தியாவுக்கு வந்தன. காற்று மாறும் வரை அடுத்த சரக்கு கிடையாது.

பிரெஞ்சுக்காரர்கள் 1674இல் புதுச்சேரியில் காலூன்றிய பிறகும் இதே கதைதான். ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வருவதற்கும் போவதற்கும் மாதக் கணக்கு இருந்தது. இங்கே இயற்கைத் துறைமுகம் இல்லை, கப்பல் நடுக்கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். அதனால் அக்டோபரில் புயல் காலம் தொடங்குமுன் கிளம்பிவிடப் பார்ப்பார்கள். கிளம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1746 அக்டோபர் சாட்சி. சென்னையைப் பிடித்த லா பூர்தொனேயின் கப்பல்கள் அந்த மாதப் புயலில் சிக்கிச் சிதைந்தன. கப்பல் நிற்கும் மாதங்களில்தான் மாலுமிகள் கரையில் இருப்பார்கள். அந்த மாதங்களில்தான் சாராயத்துக்கும் கிராக்கி.

கிஸ்தி கட்டியாக வேண்டும்!

சாராயம் வந்ததும் மரத்தின் பிடி தளர்ந்தது. காய்ச்சி வடித்தது கெடாது. பீப்பாயில் வைக்கலாம், வண்டியில் ஏற்றலாம், மழைக்காலத்திலும் விற்கலாம். வெள்வேலம் பட்டையும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய பட்டைச் சாராயம் போய், சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸில் ஆலையில் வடித்த சாராயம் வந்தபோது, பாளை விடும் மாதத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது.

அங்கேதான் அரசாங்கமும் உள்ளே வந்தது. சேர்த்து வைக்கக் கூடிய பொருள் என்றால் வரி போடுவது சுலபம். பிரிட்டிஷ் பகுதியில் 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் இதற்கு முறையான வடிவம் கொடுத்தது. ஆலைக்கு உரிமம், கள் இறக்கும் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். பிரெஞ்சுப் புதுச்சேரியிலும் கள்ளும் சாராயமும் அரசுக்கு வருமானம்தான். சுதந்திரத்துக்குப் பிறகு 1970ஆம் ஆண்டின் புதுச்சேரி கலால் சட்டத்தின் கீழும் கள்ளுக்கடை, சாராயக்கடை ஏலம் தொடர்ந்தது. ஏலம் எடுத்தவர் மாதாமாதம் கட்ட வேண்டிய தொகைக்குக் 'கிஸ்தி' என்று பெயர். புதுச்சேரியில் இந்தச் சொல் தெரியாதவர்கள் குறைவு.

இந்தக் கிஸ்திக்குப் பருவம் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். மழை பெய்தாலும் கட்ட வேண்டும், கூலி இல்லாத மாதத்திலும் கட்ட வேண்டும். மரம் வருடத்தில் பாதி நாள் ஓய்வு கொடுத்தது. ஏலம் எடுத்தவர் ஒரு நாள் ஓய்வு கொடுத்தாலும் அவருக்கு நஷ்டம். மந்தமான மாதத்தில் விட்டதைத் திருவிழா மாதத்தில் பிடிக்க வேண்டும். குடியின் காலண்டரில் 'விற்றாக வேண்டிய நாட்கள்' என்ற புதிய வகை நாட்கள் இப்படித்தான் சேர்ந்தன.

எல்லை ஓரத்து ஊர்

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். கலால் வருமானம் போன இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி கொண்டு வந்தார். இன்று நாம் கட்டும் விற்பனை வரியின் தாத்தா அதுதான் என்பது பலருக்குத் தெரியாத செய்தி! உலகப்போர்க் காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட மதுவிலக்கு மறுபடி தொடங்கி 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் அமலானது.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அதன் எல்லை ஒரே கோடாக இல்லாமல் தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஒரு ஊர் பிரெஞ்சு, அடுத்த ஊர் இந்தியா. சுற்றிலும் கடை இல்லாத தேசம், நடுவில் கடை உள்ள ஊர். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது, 1962இல் அது சட்டப்படியும் முடிந்தது. ஆனாலும் இங்கே மதுவிலக்கு வரவில்லை. கொடி மாறியது, கடை மாறவில்லை.

தமிழ்நாட்டில் அதன் பிறகு நடந்தது ஊஞ்சல் ஆட்டம். 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974க்குள் மறுபடி வந்தது. 1981இல் மீண்டும் கள்ளும் சாராயமும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் தொடங்கியது. 1987இல் கள், சாராயம் மூடப்பட்டன. 1990இல் மலிவு விலை மது வந்து 1991இல் போனது. 2003இல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறை அங்கே கதவு மூடும்போதும் விலை ஏறும்போதும் இங்கே கூட்டம் கூடியது.

1990களின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு அந்தக் கூட்டத்துக்கு ஒரு கிழமையும் கிடைத்தது. சென்னையிலிருந்து வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு மாலை திரும்பும் 'வீக் எண்ட்' கூட்டம். புத்தாண்டுக்கு முந்தின நாள் கடற்கரைச் சாலையில் நிற்க இடம் இருக்காது. உள்ளூர்க்காரரின் திருவிழாக் காலண்டருக்கு மேல் வெளியூர்க்காரரின் விடுமுறைக் காலண்டரும் ஒட்டிக்கொண்டது.

போனஸ் வந்தது, தீபாவளி மாறியது

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. பழைய கணக்குப்படி அது மழை மாதம், பனை ஓய்வெடுக்கும் மாதம், உழவர் கையில் காசில்லாத மாதம். அப்படியானால் இன்றைக்குக் குடிக்குப் பெரிய பண்டிகையாக அது எப்படி ஆனது?

விடை வயலில் இல்லை, ஆலையில் இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று போனஸை உரிமையாக்கியது. 8.33 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அது பெரும்பாலும் தீபாவளியை ஒட்டிக் கைக்கு வருகிறது. ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று பஞ்சாலைகளை நம்பியிருந்த புதுச்சேரியில் இதன் அர்த்தம் பெரிது. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்து எட்டு மணி நேர வேலை வாங்கிய ஊர் இது. உழைப்பவர் உரிமையாக வாங்கிய காசு வருடத்தில் ஒரு தடவை மொத்தமாக வருகிறது. அதே வாரத்தில் கடைகளும் சரக்கு நிரப்பி வைத்துக் காத்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் 2023, 2024 தீபாவளிகளின்போது இரண்டே நாளில் விற்பனை 400 கோடி ரூபாயைத் தாண்டியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. கேரளாவில் ஓணம் விற்பனை வருடா வருடம் இப்படித்தான் செய்தியாகிறது. ஆக இது "நம் பண்பாடு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தீபாவளிக் குடி பழைய வழக்கம் அல்ல. மொத்தமாக வரும் காசும், கெடாத பாட்டிலும், திறந்திருக்கும் கடையும் சேர்ந்து இரண்டு தலைமுறைக்குள் உண்டாக்கிய புது வழக்கம்.

கேடும் தேதி பார்த்துத்தான் வருகிறது

குடிக்கு சீசன் உண்டென்றால் அதன் கேட்டுக்கும் சீசன் உண்டு. 1978இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் எட்டிங்கரும் அவருடைய குழுவினரும் ஒன்றைக் கவனித்தார்கள். வார விடுமுறையிலும் பண்டிகையிலும் அதிகமாகக் குடித்துவிட்டு, இதயத் துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனைக்கு வருபவர்கள் குறிப்பிட்ட நாட்களில் குவிந்தார்கள். இதற்கு 'விடுமுறை இதயம்' என்றே பெயர் வைத்தார்கள். நோய்க்கு விடுமுறையின் பெயர்!

சாலையிலும் அப்படித்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019 செப்டம்பர் முதல் இதற்கு அபராதம் 10,000 ரூபாய் வரை, அல்லது 6 மாதம் வரை சிறை. சட்டம் 365 நாளும் ஒன்றுதான். ஆனால் எந்த இரவில், எந்தச் சாலையில் அது மீறப்படும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

கள்ளச்சாராயத்துக்கு வேறு ஒரு சீசன். காசு இருக்கும் காலம் அல்ல, காசு இல்லாத காலம். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். எக்கியார்குப்பம் மீனவ ஊர். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதையும், மே மாதம் அதன் நடுவில் வருகிறது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு சம்பவங்களிலும் ஆம்புலன்ஸ்கள் புதுச்சேரிக்கு ஓடி வந்தன. ஜிப்மர் வார்டுகள் நிறைந்தன. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத்தான் முதலில் தாக்கும். பிழைத்தவர்களிலும் பார்வை போனவர்கள் உண்டு. கையில் காசு குறைந்த மாதத்தில் மலிவானதைத் தேடிப் போகும் மனிதனுக்குக் கிடைக்கும் விலை அது.

கடை மூடினால் போதுமா?

குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி அன்றெல்லாம் கடை மூடுகிறோம். தேர்தலில் வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரம் முன்பிருந்தே மூடுகிறோம். முந்தின நாள் மாலை கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதன் பலன் எவ்வளவு என்று தெரியும். இந்த நாட்கள் மரியாதைக்காகத் தேர்ந்தெடுத்தவை. எந்த நாளில் அதிகம் பேர் அடிபடுகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவை அல்ல. அதிகம் குடிக்கும் தீபாவளியன்று தமிழ்நாட்டில் கடை திறந்திருக்கிறது!

கேரளா ஒரு காலத்தில் வேறு மாதிரி யோசித்தது. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி கடையை மூடச் சொன்னது. காரணம், அது சம்பள நாள். சம்பளக் கவர் முதலில் வீட்டுக்குப் போகட்டும் என்ற கணக்கு. சுவீடனில் 1981 கோடையில் சோதனையாகச் சனிக்கிழமைகளில் மதுக்கடைகளை மூடிப் பார்த்தார்கள். குடித்துவிட்டுத் தெருவில் விழுவதும் வீட்டுச் சண்டைகளும் குறைந்தன. அதன் பிறகு ஏறத்தாழ 20 வருடம் சனிக்கிழமை மூடல் தொடர்ந்தது.

விலையின் கதை இன்னும் தெளிவு. பக்கத்து நாடான எஸ்தோனியா 2004 மே மாதம் ஐரோப்பிய யூனியனில் சேரப்போகிறது, அங்கே போய் மலிவாக வாங்கி வருவார்கள் என்று பயந்து, பின்லாந்து அந்த மார்ச்சிலேயே மது வரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. குடியால் வந்த சாவு கூடியது. சில வருடங்களில் வரியை மறுபடி ஏற்றினார்கள். எல்லை ஓரத்தில் மலிவு சரக்கு என்றால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரிக்காரர்களிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள்.

2020இல் புதுச்சேரியிலும் அப்படி ஒரு சோதனை தானாக நடந்தது. கொரோனா ஊரடங்கில் மார்ச்சில் மூடிய கடைகள் மே மாதக் கடைசியில்தான் திறந்தன. அதுவும் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாகச் சிறப்பு வரி போட்ட பிறகு. விலை ஒன்றானால் இங்கே வர வேலை இல்லையே! எல்லை தாண்டி வரும் கூட்டத்தைத் தடுக்கத் தடியை விட விலை உதவும் என்பதை அந்த அரசாணையே ஒப்புக்கொண்ட மாதிரிதான். அடுத்த வருடம் அந்த வரி விலக்கப்பட்டது. பழைய விலை திரும்பியது. பழைய காலண்டரும் திரும்பியது.

அந்த ஊரடங்கு இன்னொரு உண்மையையும் காட்டியது. தினமும் குடித்துப் பழகிய உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வரும். மருத்துவ உதவி இல்லாவிட்டால் உயிரே போகலாம். கேரளாவில் மருத்துவர் சீட்டோடு மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டு, 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆக ஒரே நாளில் எல்லாவற்றையும் மூடிவிடு என்பதும் வைத்தியம் அல்ல.

கடைசியாக...

வழுதாவூர் சாலையில் கதிர்காமத்தில் 2010இல் தொடங்கிய இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொரோனா வந்தபோது புதுச்சேரியின் கொரோனா மருத்துவமனையாக இருந்ததும் அதுதான். நோய் அலையாக வரும் என்று தெரிந்ததும் கட்டில், மருந்து, ஆள் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எண்ணி வைத்தோம். குடியின் கேடும் அலையாகத்தான் வருகிறது. வித்தியாசம் ஒன்றுதான். கொரோனா தேதி சொல்லிவிட்டு வரவில்லை. இது தேதி சொல்லிவிட்டு வருகிறது.

போனஸ் வாரம், புத்தாண்டு இரவு, சனிக்கிழமைக் கூலி, மீன்பிடித் தடைக்காலம் என்று எல்லாமே சுவரில் மாட்டிய காலண்டரில் இருக்கின்றன. அந்த இரவுகளில் கூடுதல் பேருந்து விடலாம், ஊதிப் பார்க்கும் சோதனையை அன்றைக்கு வைக்கலாம், அவசரப் பிரிவில் ஆள் கூட்டலாம், கூலியைச் சனிக்கிழமைக்குப் பதில் வாரத்தின் நடுவில் கொடுக்கலாம், போனஸில் ஒரு பங்கை மனைவியின் கணக்கில் போடலாம். எதற்கும் மதுவிலக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பனைமரம் ஒரு காலத்தில் யாரையும் கேட்காமல் வருடத்தில் பாதி நாள் கடையை மூடியது. மரம் செய்த வேலையை மனிதன் செய்ய முடியாதா என்பதுதான் கேள்வி.